குடை பிடித்துக் கொண்டுபோன கங்கு

ஜொகூர்ல குளிருதுன்னு எவனாவது சொன்னா, முன்னெல்லாம் சிரிச்சிருப்பேன். காஹாங் பக்கத்துக் கோழிப் பண்ணையில வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், வெயில் மண்டையைப் பிளக்குது, சட்டை முதுகோட ஒட்டிக்கிட்டுக் கிடக்கு. அப்போ பண்ணையைப் பார்த்துக்கிற பொண்ணு வந்து, "அண்ணே, உங்க வேலை குஞ்சுங்களுக்குக் குளிராம பார்த்துக்கிறது"ன்னு சொன்னா.

"என்னது?"

"குளிரும் அண்ணே. முட்டையில இருந்து வந்து ஒரு நாள்தான் ஆகுது. முப்பத்திமூணு டிகிரி வேணும். கம்மியானா செத்துடும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. வெளிய நிக்கிற மனுஷன் வெந்துக்கிட்டு இருக்கான், உள்ள இருக்கிறதுங்களுக்கு அடுப்பு மூட்டணுமாம். விளையாடுறாளான்னு மூஞ்சியைப் பார்த்தேன். விளையாடல.

அவ மலாய்க்காரப் பொண்ணு. காலேஜ்ல கோழி வளர்ப்பு படிச்சிட்டு வந்து ரெண்டு வருஷமோ என்னமோ ஆச்சு. என்னைவிடப் பத்து வயசாவது சின்னவ. இங்க பல மலாய்க்காரங்க தமிழ் ஆம்பளையை அண்ணேன்னுதான் கூப்பிடுவாங்க, அவளும் அப்படித்தான். நான் அவளை சிக்னு கூப்பிடுவேன், மரியாதைக்கு. மத்தபடி நாங்க பேசினதெல்லாம் மலாய்லதான்.

நான் அதுக்கு முன்ன தெப்ராவ்ல ஒரு பிளாஸ்டிக் ஃபேக்டரியில பதினோரு வருஷம் மெஷின் ஓட்டினவன். அந்த வேலை எப்படிப் போச்சுன்னு கேட்டா, என் வாயாலதான் போச்சு. எனக்கு மூக்கு நுனியில கோவம். யாராவது 'இப்படிச் செய்யக்கூடாது'ன்னு சொன்னா போதும், அப்படியே செய்யணும்னு தோணும். ஒருநாள் லைன் சூப்பர்வைசரைப் பத்துப் பேருக்கு முன்னால கத்தினேன், மறுநாள் எனக்கு லெட்டர். அப்போ என் வீட்டுக்காரி மூணு மாசம் முழுகாம இருந்தா. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழிச்சு வந்த கரு. போகாத கோயில் இல்ல, எடுக்காத காவடி இல்ல. அந்த நேரத்துல வேலையை விட்டுட்டு வந்து நிக்கிறேன். அவ பாத்திரத்தை மூட்டை கட்டிக்கிட்டு காஹாங்குக்கு என் பின்னாலயே வந்தா.

பண்ணையில தங்கறதுக்கு ஒரு கோங்சி கொடுத்தாங்க. வேலைக்காரங்க தங்குற வரிசை வீட்டைத்தான் அப்படிச் சொல்லுவாங்க. வேலிக்கு வெளிய, செம்பனைத் தோட்டத்தை ஒட்டி இருந்துச்சு. கல்லுச் சுவர், மேல சீலிங் போட்டது, ஒரே ரூம், ரெண்டு ஜன்னல். மோசம்னு சொல்ல முடியாது. ஒரே ஒரு குறை என் சட்டை. பண்ணைக்குள்ள போறப்ப குளிச்சு உடுப்பு மாத்தணும், வர்றப்பவும் குளிச்சு மாத்தணும், அது சட்டம். ஆனா மாத்திக்கிட்டு வர்ற சட்டையிலயும் அந்தக் கோழி நாத்தம் ஏறிடும், எத்தனை தடவை துவைச்சாலும் போகாது. "வாசல்லயே கழட்டிப் போட்டுட்டு வாங்க, எனக்கு வயித்தைப் புரட்டுது"ன்னு அவ தினமும் மூக்கைப் பொத்துவா. நானும் தினமும் சிடுசிடுப்பேன்.

அடுப்புக்கு வர்றேன். டாப்பூர்னு சொல்லுவாங்க, மலாய்ல அடுப்புன்னு அர்த்தம். சமையலடுப்பை நினைச்சுக்காதீங்க. படுக்க வச்ச தண்ணித் தொட்டி மாதிரி ஒரு பெரிய இரும்புக் கூடு, கொட்டகைக்கு வெளிய நிக்கும். அதுக்குள்ள இன்னொரு இரும்பு டிரம். விறகு எரியறது டிரம்முக்குள்ள, புகை போறது மேல புகைபோக்கியில. டிரம்முக்கும் வெளிக் கூட்டுக்கும் நடுவுல காத்து இருக்கும். அந்தக் காத்து டிரம் சூட்டுல காயும். ஒரு பெரிய ஃபேன் அதை உறிஞ்சி, கொட்டகைக்குள்ள நீளமா ஓடற துணிக் குழாய்ல தள்ளிவிடும். அதாவது நெருப்பு வெளிய, சூடு மட்டும் உள்ள. எல்லாம் அந்த ஒரு வரிக்குள்ள அடங்கிடுச்சு. எனக்கு அது மண்டையில ஏறினதா நானே நினைச்சுக்கிட்டேன்.

முதல் வாரம் நான் பட்ட பாடு! ரப்பர் மர வெட்டுத் துண்டுங்க பலகை மில்லுல இருந்து லாரியில வரும். காய்ஞ்சதா ஈரமான்னு பார்க்காம அள்ளிப் போட்டேன். கரும்புகை கிளம்பி பக்கத்துத் தோட்டத்துக்காரன் மோட்டார்ல வந்து எட்டிப் பார்த்துட்டுப் போனான். அப்புறம் காய்ஞ்சதா பார்த்து வாய் கொள்ளாம அடைச்சேன். உள்ள முப்பத்தெட்டு டிகிரி ஏறி, குஞ்சுங்க எல்லாம் வாயைப் பிளந்துக்கிட்டு சுவரோரமா ஒண்டிக்கிச்சு. அந்தப் பொண்ணு ஓடி வந்தா. "அலமாக்! அண்ணே, ரோஸ்ட் பண்றீங்களா?"

நான் முறைச்சேன். அவ கண்டுக்கல. கொட்டகைக்குள்ள கூட்டிட்டுப் போய் நிறுத்தி, "மீட்டரைப் பார்க்காதீங்க, குஞ்சைப் பாருங்க"ன்னா. குளிருச்சுன்னா ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டுக் கீச்சுகீச்சுன்னு கத்துமாம். சூடு அதிகமானா விலகி ஓடிடுமாம். சரியா இருந்தா, தரையில கொட்டின சோளம் மாதிரி எல்லா இடத்திலயும் பரவலா நின்னு தின்னுக்கிட்டு இருக்குமாம். சத்தம்கூட வேறயாம். நான் கண்ணை மூடிக் கேட்டேன். அவ சொன்னது சரிதான். உள்ளுக்குள்ள எரிச்சலா இருந்துச்சு, சரியா சொல்லிட்டாளேன்னு.

இன்னொரு பழக்கம் வச்சிருந்தா. புதுசா குஞ்சு இறங்கறதுக்கு முன்னால, ஒவ்வொரு தடவையும், அடுப்புல ஈர இலையை அள்ளிப் போட்டுப் புகை மூட்டுவா. என்னைக் கொட்டகைக்குள்ள குழாய் வாய்கிட்ட நிக்க வச்சு மோந்து பார்க்கச் சொல்லுவா. லேசா புகை வாடை வந்தாகூட டிரம்முல எங்கேயோ ஓட்டைன்னு அர்த்தம். இரும்பு சூடாகி ஆறி, சூடாகி ஆறி, ஓரத்துல விரிசல் விடும். ஒட்டு வச்சாதான் குஞ்சை இறக்கலாம்.

"புகை வந்தா தெரிஞ்சிடும் அண்ணே, இருமுவோம். பயம் கங்குலதான். புகைபோக்கி மூடியை அடைச்சு, காத்து வாயையும் அடைச்சு, விறகைப் புழுங்க விட்டீங்கன்னா ஒரு கேஸ் வரும். நிறம் இல்ல, வாடை இல்ல. தூங்கற மாதிரியே ஆளைக் கொண்டுபோயிடும்."

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "சிக், எங்க வீட்டுல வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை கங்குலதான் சாம்பிராணி போடுறோம். தலைக்குக் குளிச்சா அதுலதான் முடி காய வைக்கிறோம். ஒருத்தரும் சாகல. புகைதான் கெட்டது. கங்கு சுத்தம்."

அவ தோளைக் குலுக்கினா. "உங்க வீட்டுக் கதவு திறந்திருக்கும்லா அண்ணே."

அவ்வளவுதான் சொன்னா. நான் அதைக் காதுல போட்டுக்கல. போட்டிருந்தா இதை எழுத வேண்டியதே இல்ல.

ரெண்டு மூணு தடவை குஞ்சு இறக்கி வளர்த்து அனுப்பினதுக்கு அப்புறம் நான் கெட்டிக்காரனாயிட்டேன். விறகைத் தட்டினாலே சத்தத்துல ஈரம் தெரியும். எட்ட நின்னு புகைபோக்கியைப் பார்த்தே உள்ள எப்படி எரியுதுன்னு சொல்லிடுவேன். வீட்டுக்காரிகிட்ட பெருமையடிச்சேன். "இருபதாயிரம் குஞ்சுக்கு நான்தான்டி அம்மா." அவ வயித்தைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சா. "இதுக்கு அப்பாவா இருந்தா போதும்"னா.

டிசம்பர் மழையில பிள்ளை பொறந்தா. குளுவாங் பெரிய ஆஸ்பத்திரியில, பொண்ணு. ரெண்டு கிலோ எழுநூறு. கையில வாங்கினப்ப நான் பிடிச்ச பிடியைப் பார்த்து, நர்ஸ் பயந்துபோய்த் திரும்ப வாங்கிக்கிட்டாங்க. ஒன்பது வருஷம்! நான் ஆஸ்பத்திரி நடையில நின்னு குலுங்கிக் குலுங்கி அழுதேன். வெட்கமா இல்ல.

நான் ஆஸ்பத்திரியில இருந்த அந்த ரெண்டு நாள்ல பண்ணையில அடுத்த குஞ்சுக்குத் தயார் பண்ணிக்கிட்டு இருந்தாங்க. திரும்பி வந்ததும் அந்தப் பொண்ணு கையைக் குலுக்கி வாழ்த்து சொல்லிட்டு, அடுத்த வார்த்தையா கேட்டா.

"நாளைக்குக் குஞ்சு வருது. எனக்கு ஆபீஸ்ல மீட்டிங். புகை சோதனை நீங்களே பண்ணிடுறீங்களா?"

பண்ணிடுறேன்னு சொன்னேன். வீட்டுல பச்சை உடம்புக்காரி, சுடுதண்ணி வைக்கணும், மிளகு ரசம் வைக்கணும், துணி அலசணும். மழையில ஈர இலைக்கா பஞ்சம், வாரி எடுத்துப் போட அரை மணி நேரம்கூட ஆகாது. போன தடவை ஓட்டை இல்லையே, இப்ப மட்டும் எங்க வரப்போகுதுன்னு விட்டுட்டேன். மறுநாள் "ஆச்சா அண்ணே?"ன்னு கேட்டா. "ஆச்சு சிக்." கண்ணைப் பார்த்துச் சொன்னேன்.

பிள்ளை பெத்தவளைப் பார்த்துக்க வரவேண்டியது அவளோட அக்கா. பண்டார் தெங்காராவுல இருக்காங்க, நாலு பிள்ளை பெத்தவங்க. வர்ற நேரம் பார்த்து அவங்க கடைசிப் பிள்ளைக்கு டெங்கி, ஆஸ்பத்திரியில கிடக்குது. அதனால எல்லாம் வீடியோ கால்ல. "தம்பி, தண்ணி பொறுக்கிற சூட்டுல ஊத்துங்க. காத்துப் படக்கூடாது. ஜன்னலைச் சாத்துங்க. அவ காதுல பஞ்சு வச்சிருக்காளா?" அவங்க சொன்னபடியெல்லாம் நான் செஞ்சேன். கிளினிக் நர்ஸ் ஒரு தடவை வீட்டுக்கு வந்து, "இப்படி அடைச்சு வைக்காதீங்க, ஜன்னலைத் திறங்க"ன்னு சொன்னாங்க. சரி சரின்னு தலையாட்டி, அவங்க கார் திரும்பினதும் மூடிட்டேன். அவங்களுக்கு நம்ம பத்தியம் என்ன தெரியும்?

அஞ்சாம் நாள். காலையில இருந்து மழை. சாதாரண மழை இல்ல, லோங்கான்கிற வாசல் சாக்கடை நிரம்பி தண்ணி வாசப்படிக்கு வந்துடுச்சு. கோங்சிச் சுவரெல்லாம் வேர்த்து வழியுது. என் வீட்டுக்காரிக்கு உடம்பு வெடவெடன்னு நடுங்குது. காலைத் தொட்டுப் பார்த்தேன், ஐஸ் மாதிரி. பிள்ளை காலும் அப்படியே இருந்த மாதிரி எனக்குத் தோணுச்சு. அக்காவைக் கூப்பிட்டேன்.

"சீதளம் பிடிச்சிருக்கு தம்பி. சன்னி கின்னி வந்துடப்போகுது. நல்ல கங்கா எடுத்து ரூம்ல வச்சு, கதவைச் சாத்திட்டுப் படுக்கச் சொல்லுங்க. எங்க எஸ்டேட் வீட்டுல நாலு பிள்ளைக்கும் அப்படித்தான் இருந்தேன்."

எனக்கு வேற என்ன வேணும்? கங்கு பண்ணத்தானே நான் இருக்கேன்! அந்தப் பொண்ணு சொன்னதெல்லாம் குஞ்சுக்கு. இது பிள்ளை பெத்தவளுக்கு. ரெண்டையும் ஒண்ணா வச்சு யோசிக்கவே தோணல. சத்தியமா தோணல.

பண்ணைக்குப் போனேன். கொட்டகையில ரெண்டு நாள் குஞ்சுங்க. டாப்பூர்ல தடிச்ச ரப்பர் மரக் கட்டையா பொறுக்கி அடுக்கினேன். திகுதிகுன்னு எரிஞ்சா சாம்பல்தான் மிஞ்சும், கங்கு நிக்காது. அதனால கீழ காத்து வாயை அடைச்சேன். மேல புகைபோக்கி மூடியை முக்கால்வாசி இழுத்து விட்டேன். ரெண்டு மணி நேரம் புழுங்கவிட்டுத் திறந்தா, அடடா! செக்கச்செவேல்னு, ஒரு இழை புகை இல்ல. அப்படி ஒரு கங்கை நான் அதுவரைக்கும் எடுத்ததில்ல. சாயங்காலத்துக்கு இன்னொரு தடவை வேணுமேன்னு, மிச்சக் கங்கைக் குவிச்சு, மூடியை அப்படியே விட்டுட்டு வந்தேன்.

இரும்புச் சட்டி நிறைய அள்ளினேன். ஈரச் சாக்கால பிடிச்சுக்கிட்டு, மழையில ஒரு துளி பட்டுடக் கூடாதேன்னு சட்டிக்குக் குடை பிடிச்சுக்கிட்டு நடந்தேன். நான் தொப்பலா நனைஞ்சேன், கங்கு நனையல. அவ்வளவு பத்திரம்.

ரூம்ல கட்டிலுக்குப் பக்கத்துல சட்டியை வச்சேன். ஜன்னல் ரெண்டும் பட்டை பட்டையா கண்ணாடி வச்ச பழைய ஜன்னல், எவ்வளவு இறுக்கினாலும் இடைவெளி இருக்கும். ஈரக் காத்து ஊசி மாதிரி இறங்குது. என் பண்ணைச் சட்டைங்களை எடுத்து ஒவ்வொரு இடுக்கிலயும் திணிச்சேன்.

"ஐயோ, அந்தச் சட்டையா?" அவ எழுந்து உட்கார்ந்துட்டா. "தூளிக்கு மேலயே வைக்கிறீங்களே. நாத்தம் குடலைப் புடுங்குதுங்க. பிள்ளைக்கு ஆகுமா?"

"வேற துணி வச்சிருக்கியா? இருந்தா எடு. எல்லாம் ஈரமா தொங்குது."

"ஒண்ணே ஒண்ணை மட்டும் எடுத்திடுங்களேன்."

"உனக்காகத்தானே மழையில நாய் மாதிரி அலையறேன்! நாத்தமாம் நாத்தம்! அந்த நாத்தம்தான் சோறு போடுது. எவளாவது அதுல கை வச்சா, அப்புறம் பார்த்துக்க!"

கத்தின கத்துல பிள்ளை தூக்கிவாரிப் போட்டு அழுதா. வீட்டுக்காரி தலையைக் குனிஞ்சுக்கிட்டு தூளியை ஆட்டினா. கதவை உள்ள தாழ்ப்பாள் போட்டுக்கச் சொல்லிட்டு, குடையை எடுத்துக்கிட்டு நான் வேலைக்கு வந்துட்டேன்.

ஒரு மணி நேரம்தான் இருக்கும். அந்தப் பொண்ணு கொட்டகைக்குள்ள போனா. நான் விறகைத் தார்ப்பாய்க்குக் கீழ இழுத்துக்கிட்டு இருந்தேன். உள்ள இருந்து சத்தம் வந்துச்சு.

"அண்ணே! ஃபேனை நிறுத்துங்க! காத்து வரட்டும், பக்கவாட்டுத் திரையைத் தூக்குங்க, எல்லாத் திரையையும்!"

ஓடினேன். கொட்டகைக்குள்ள சத்தமே இல்ல. இருபதாயிரம் குஞ்சு இருக்கிற இடத்துல சத்தம் இல்லைன்னா எப்படி இருக்கும்னு உங்களுக்கு எப்படிச் சொல்றது. குழாய் வாய்க்கு நேரா ஒரு பெரிய வட்டத்துக்கு, எல்லாம் படுத்துக் கிடக்கு. கூட்டமா ஏறிக்கல, வாயைப் பிளக்கல, ஓடல. தூங்கற மாதிரி கழுத்தை நீட்டிக்கிட்டுக் கிடக்குதுங்க. ஒண்ணைக் கையில எடுத்தேன். தலை தொங்கிடுச்சு. வெதுவெதுப்பாதான் இருந்துச்சு.

நான் மூக்கை உறிஞ்சினேன். "புகையே இல்லையே சிக்! ஒரு வாடையும் இல்லையே!"

"அதைத்தானே சொன்னேன்!" திரைக் கயித்தை இழுத்துக்கிட்டே கத்தினா. "யார் மூடியை அடைச்சது? கங்கு, அண்ணே, கங்கு! டிரம்முல ஓட்டை! வெளிய வாங்க, நீங்களும் வெளிய வாங்க!"

கங்கு.

கையில இருந்த குஞ்சு எங்க விழுந்துச்சோ தெரியாது. என்ன கத்தினேன்னும் தெரியாது. 'என் பிள்ளை, என் பிள்ளை'ன்னு தமிழ்ல கத்திக்கிட்டே ஓடினேன்னு அப்புறம் அவதான் சொன்னா. அவளுக்குத் தமிழ் தெரியாது, ஆனா புரிஞ்சிருக்கு. பண்ணை பிக்கப்பை எடுத்துக்கிட்டு என் பின்னாலயே வந்திருக்கா.

கோங்சிக்கும் பண்ணை வேலிக்கும் நடுவுல முந்நூறு அடிதான். எனக்கு அது முடியவே இல்ல. செருப்பு சேத்துல போச்சு. லோங்கான்ல விழுந்து எழுந்தேன். கதவைத் தட்டினேன். திறக்கல. தாழ்ப்பாள். நானே போடச் சொன்ன தாழ்ப்பாள். அவ பேரைச் சொல்லிக் கத்தினேன். பதில் இல்ல. தோளால இடிச்சேன், ரெண்டு தடவை, மூணு தடவை. நாலாவதுல கதவு சட்டத்தோட பிடுங்கிக்கிட்டுப் போச்சு.

ரூம் அவ்வளவு இதமா இருந்துச்சு. அதை நினைச்சாதான் இன்னைக்கும் எனக்கு உடம்பு கூசுது. மழையில நடுங்கிக்கிட்டு வந்தவனுக்கு அப்படி ஒரு இதம். சட்டியில கங்கு செவசெவன்னு இருக்கு. அவ கட்டிலுக்கும் தூளிக்கும் நடுவுல தரையில சரிஞ்சு கிடக்கா. வாந்தி எடுத்திருந்தா. ஒரு கை தூளியைப் பார்த்து நீட்டியிருந்துச்சு. தரையில என் நீலச் சட்டை கிடந்துச்சு, அதை மிதிச்சுக்கிட்டுதான் தூளிகிட்டப் போனேன். பிள்ளையைத் தூக்கினேன். அழல. மூக்குகிட்டக் காதை வச்சேன். என் மூச்சு இரைக்கிற சத்தத்துல ஒண்ணும் கேட்கல.

வெளிய ஓடி, மழையிலயே பிள்ளையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். காத்துப் படக்கூடாதுன்னு அஞ்சு நாளா பொத்திப் பொத்தி வச்ச பிள்ளை. முகத்துல மழைத் தண்ணி சுள்ளுனு பட்டுச்சு. முகத்தைச் சுளிச்சா. அப்புறம் வீல்னு ஒரு சத்தம். என் ஆயுசுல நான் அப்படி ஒரு சத்தத்துக்குக் கும்பிடு போட்டதில்ல.

அதுக்குள்ள அந்தப் பொண்ணு மூச்சை அடக்கிக்கிட்டு உள்ள போய் என் வீட்டுக்காரியைக் கக்கத்துல கைகொடுத்து இழுத்துக்கிட்டு வந்துட்டா. தனியா. எப்படி இழுத்தாளோ. என் வீட்டுக்காரி கண்ணைத் திறக்கல. முனகினா, அவ்வளவுதான்.

குளுவாங் போற வரைக்கும் பிக்கப் ஜன்னல் எல்லாத்தையும் இறக்கிவிட்டுட்டா. "காத்து வேணும், காத்து வேணும்"னு சொல்லிக்கிட்டே ஓட்டுறா. மழை உள்ள அடிக்குது. நான் பின்சீட்ல வீட்டுக்காரி தலையை மடியில போட்டுக்கிட்டு, பிள்ளையை நெஞ்சோட சேர்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். என்னால அடக்க முடியல.

"சிக், புகை சோதனை நான் பண்ணல. பொய் சொல்லிட்டேன். மூடியை அடைச்சதும் நான்தான்."

கண்ணாடியில என்னைப் பார்த்தா. அவ கண்ணும் கலங்கித்தான் இருந்துச்சு. எத்தனை குஞ்சு போச்சோ, அவ வேலையும் போகுமோ என்னமோ. "அதை அப்புறம் பேசலாம் அண்ணே. தூங்கவிடாதீங்க. பேசிக்கிட்டே இருங்க அவங்ககூட."

என்ன பேசறது? ஒன்பது வருஷத்துல அவளோட நான் பேசினதைவிடக் கத்தினதுதான் அதிகம். அவ பேரைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில ரெண்டு பேருக்கும் மாஸ்க் மாட்டினாங்க. ரத்தம் எடுத்தாங்க. என்னை வெளிய தள்ளிட்டாங்க. அங்க பெஞ்சுல உட்கார்ந்திருந்தப்பதான் ஒவ்வொண்ணா உறைச்சுது. அக்கா இருந்த எஸ்டேட் வீடு பலகைச் சுவர், தகரக் கூரை. பலகைக்குப் பலகை விரல் நுழையும். அங்க நாலு பிள்ளைக்கும் கங்கு வச்சாங்க, ஒண்ணும் ஆகல. என் வீடு கல்லுச் சுவர், சீலிங். மிச்சம் இருந்த இடுக்கையும் நான்தான் தேடித் தேடி அடைச்சேன். நெருப்பு வெளிய, சூடு மட்டும் உள்ளன்னு கோழிக் குஞ்சுக்குப் படிச்சவன், என் குஞ்சுக்கு நெருப்பையே உள்ள கொண்டுபோய் வச்சிருக்கேன். அதுவும் குடை பிடிச்சுக்கிட்டு. பளார் பளார்னு என்னை நானே அறைஞ்சுக்கிட்டேன். பக்கத்துல இருந்த சீனக் கிழவர் எழுந்து தள்ளிப்போய் உட்கார்ந்தார்.

பொழுது சாயறதுக்கு முன்னால டாக்டர் வந்தார். அம்மாவுக்கு ரெண்டு மூணு நாள் ஆக்சிஜன், பிழைச்சுக்குவாங்க, மெதுவாதான் தேறும்னார். பிள்ளையைப் பத்திச் சொல்றப்ப அவர் குரல் மாறுச்சு.

"பிள்ளை ரத்தத்துல அந்த கேஸ் அம்மாவைவிட ரொம்பக் கம்மியா இருக்கு. அதே ரூம்தானே? இவ்வளவு சின்ன உடம்பு, தாங்கியிருக்கக் கூடாது. தொட்டில்கிட்ட ஏதாவது திறப்பு இருந்துச்சா?"

"இல்ல டாக்டர். எல்லாத்தையும் நான்தான் அடைச்சேன். நல்லா அடைச்சேன்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துட்டு, "அப்போ எனக்குப் புரியல. உங்களுக்கு அதிர்ஷ்டம்"னு சொல்லிட்டுப் போயிட்டார். நான் சாமிக்கு நன்றி சொல்லிக்கிட்டேன்.

கொஞ்ச நேரம் கழிச்சு என்னை உள்ள விட்டாங்க. கண்ணைத் திறந்திருந்தா. முகமெல்லாம் ஊதிப்போய், மாஸ்க்குக்கு மேல ரெண்டு கண்ணு மட்டும். பிள்ளைன்னு கேட்கிற மாதிரி புருவத்தைத் தூக்கினா. "நல்லா இருக்கா. பால் குடிச்சா"ன்னேன். கண்ணு ஓரமா தண்ணி வழிஞ்சுச்சு. அப்புறம் மாஸ்க்கைக் கையால நகர்த்தினா. நான் தடுத்தேன். கேட்கல.

"என்னங்க, ஒண்ணு சொல்லணும்."

"அப்புறம் சொல்லலாம். மாஸ்க்கைப் போடு."

"உங்க சட்டை ஒண்ணை எடுத்துட்டேங்க. தூளிக்கு மேல இருந்துச்சே, அந்த நீலச் சட்டை. பிள்ளை மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டே இருந்தா. நாத்தம் தாங்காமதான் உருவினேன். நீங்க வர்றதுக்குள்ள திரும்ப வச்சிடலாம்னுதான் இருந்தேன், அதுக்குள்ள தலை சுத்திடுச்சு. காத்து உள்ள வந்திருக்கும். அதனாலதான் பிள்ளைக்கு இப்படி ஆயிடுச்சோ என்னமோ."

மூச்சு வாங்கினா. என் முகத்தைப் பார்த்தா. எனக்குக் கோவம் வருதான்னு தேடற பார்வை அது. ஒன்பது வருஷமா பார்க்கிற பார்வை, நான் அன்னைக்குத்தான் பார்த்தேன்.

"திட்டமாட்டீங்கதானே?"

மாட்டேன்னு தலையை ஆட்டிட்டு, அந்த மாஸ்க்கை எடுத்து அவ மூக்கு மேல சரியா வச்சுவிட்டேன்.